கிரிஸ்டல் பேலஸ் எரிந்தது சரி, சிலைகள் எங்கே போயின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. பெயரில் பேலஸ் இருக்கிறதே என்று போனால் அரண்மனை எதுவும் இருக்காது. புல் மண்டிய நீண்ட மேடைகள், அகலமான கல் படிக்கட்டுகள், படிக்கட்டின் இரு பக்கமும் செக்கச்சிவந்த ஸ்பிங்ஸ்கள் (சிங்க உடலும் மனித முகமுமான எகிப்திய பாணிச் சிலைகள்), கைப்பிடிச் சுவரோடு தலையில்லாத ஓரிரண்டு கல் பெண்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை, ஏனென்றால் விஷயமே அப்படி.

கிரிஸ்டல் பேலஸ் என்றால் கால்பந்து அணிதானே?

அணிக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் கட்டடத்தால்தான். 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் பொருட்காட்சி ஒன்று நடந்தது. உலகம் முழுவதிலிருந்தும் இயந்திரங்கள், துணிகள், நகைகள், சிலைகள் எல்லாம் வந்தன. அவற்றை வைப்பதற்காக ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக ஒரு மண்டபத்தை வடிவமைத்தார். அவர் கட்டடக் கலை படித்தவர் இல்லை, தோட்டக்காரர், கண்ணாடிச் செடிவீடுகள் கட்டிப் பழகியவர். 1,848 அடி நீளம். கண்ணாடித் தகடுகள் மட்டும் மூன்று லட்சத்துக்கு அருகில். மே மாதம் திறந்து அக்டோபரில் மூடுவதற்குள் சுமார் 60 லட்சம் முறை ஆட்கள் உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

பொருட்காட்சி முடிந்ததும் கட்டடத்தைப் பிரித்தார்கள். ஒரு தனியார் நிறுவனம் அதை வாங்கி, லண்டனுக்குத் தெற்கே, இன்றைய பூங்கா இருக்கும் சிடன்ஹாம் குன்றின் மேல் இன்னும் பெரிதாக, ஏறக்குறைய புதுக் கட்டடம் என்று சொல்லும் அளவுக்கு மாற்றிக் கட்டியது. 1854 ஜூன் 10 அன்று விக்டோரியா மகாராணி திறந்து வைத்தார். இந்தப் பக்கத்தில் வரும் சிலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கட்டடத்துக்காகச் செய்தவை. ஹைட் பார்க்கோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கட்டடம் எப்படி அழிந்தது?

1936 நவம்பர் 30, திங்கட்கிழமை இரவு. பேலஸின் மேலாளர் சர் ஹென்றி பக்லேண்ட், தன் மகளோடு நாயை நடத்திக்கொண்டு வந்தபோது உள்ளே சிவப்பாக ஒளி தெரிந்ததைக் கவனித்தார். (மகளின் பெயரும் கிரிஸ்டல்தான். அந்தக் கட்டடத்தின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.) உள்ளே போய்ப் பார்த்தால் சின்னத் தீ, இரண்டு பேர் அணைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு 8 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பக்கத்துப் பெஞ்ச் (Penge) பகுதியின் தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி போனது, நாலு நிமிடத்தில் முதல் வண்டி வந்துவிட்டது. ஆனாலும் பயனில்லை. எண்பது ஆண்டு காய்ந்த பலகைத் தளம், அதன் அடியில் சேர்ந்திருந்த குப்பை, அன்றைக்கு அடித்த பலத்த காற்று, இவை மூன்றும் போதும். 89 தீயணைப்பு வண்டிகளும் நானூறுக்கு மேற்பட்ட வீரர்களும் வந்தும் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டடம் இரும்பும் கண்ணாடியும்தானே, எப்படி எரியும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எரிந்தது தரையும் உள்ளே இருந்த மரச் சாமான்களும். அந்தச் சூட்டில் இரும்புச் சட்டம் வளைந்து விழுந்தது, கண்ணாடி உருகி ஓடியது. தீக்கு என்ன காரணம் என்பது கடைசிவரை நிறுவப்படவில்லை.

அப்படியானால் சிலைகளும் அந்தத் தீயில்தான் போயினவா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், சுற்றுலாப் பக்கங்களும் அப்படியே எழுதிவிடுகின்றன. பாதிதான் உண்மை.

கட்டடத்துக்கு உள்ளே இருந்தவை தீயில் போயின, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வெளியே மேடைகளின் மேல் நின்ற சிலைகளை நெருப்பு தொடவில்லை. மறுநாள் காலை புகைந்துகொண்டிருந்த இரும்புக் குவியலுக்கு முன்னால் அவை அப்படியே நின்றன. அவற்றில் பெரும்பகுதி காணாமல் போனது அதற்கு அப்புறம் வந்த இருபது ஆண்டுகளில், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், உடைந்து, கடைசியில் ஏலத்தில் விற்கப்பட்டு. தீ ஒரே இரவில் நடந்ததால் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. மெதுவாக நடந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தப் பக்கத்தை எழுதுவதற்கே முக்கியக் காரணம் இதுதான்: மேடைச் சிலைகளின் அழிவை விபத்துக் கணக்கில் எழுதக் கூடாது, அது மனிதர்கள் எடுத்த முடிவுகளால் நடந்தது.

உள்ளே என்னதான் இருந்தது?

நினைத்தாலே வயிறு எரிகிறது. ஓவன் ஜோன்ஸ், மேத்யூ டிக்பி வயாட் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் ஐரோப்பா முழுவதும் சுற்றி, பெரிய அருங்காட்சியகங்களில் இருந்த சிலைகளுக்கு அச்சு எடுத்து பிளாஸ்டர் வார்ப்புகள் கொண்டுவந்தார்கள். எகிப்துக்கு ஒரு கூடம், கிரேக்கத்துக்கு ஒன்று, ரோமுக்கு ஒன்று, ஸ்பெயின் நாட்டு அல்ஹம்ப்ரா அரண்மனையின் மாதிரி ஒன்று, அசீரியாவுக்கு ஒன்று, இடைக்காலத்துக்கு, மறுமலர்ச்சிக் காலத்துக்கு என்று வரிசையாகக் கூடங்கள். எகிப்தின் அபு சிம்பெல் கோயிலில் உட்கார்ந்திருக்கும் ராஜா சிலைகளின் மாதிரிகள் கூரை முட்ட நின்றன. ஒரு ஷில்லிங் கொடுத்து ரயிலில் வந்து இறங்கிய லண்டன் தொழிலாளி ஒரே மதியத்தில் நாலாயிரம் ஆண்டுச் சிற்பக் கலையைச் சுற்றிப் பார்த்துவிட முடிந்தது.

இதில் சச்சரவுகளும் உண்டு. ஜோன்ஸ் கிரேக்கக் கூடத்தில் பார்த்தினான் கோயிலின் சிற்ப வரிசைக்கு வண்ணம் தீட்டினார். பழைய கிரேக்கர்கள் சிலைகளுக்கு நிறம் பூசினார்கள் என்பது அவர் வாதம். வெள்ளைப் பளிங்கையே கிரேக்கம் என்று நம்பியிருந்தவர்கள் கொதித்தார்கள், அவர் 1854இல் தன் பக்க நியாயத்தைத் தனிப் புத்தகமாகவே எழுத வேண்டியிருந்தது. இன்றைக்கு ஆராய்ச்சி அவர் சொன்னதைத்தான் சொல்கிறது, பூசிய நிறங்கள் அச்சாக அதே நிறங்களா என்பது வேறு விஷயம். இன்னொரு பக்கம், ஆடையில்லாத ஆண் சிலைகள் வேண்டாம் என்று பிஷப்புகள் உட்படப் பெரிய மனிதர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், திறப்பு விழா நெருங்கும் நேரத்தில் அவசர அவசரமாக பிளாஸ்டரில் அத்தி இலைகள் செய்து ஒட்டினார்கள்.

இந்தக் கூடங்களில் ஒரு பகுதி 1936 வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1866 டிசம்பர் 30 அன்று ஒரு தீ விபத்தில் கட்டடத்தின் வடக்குக் குறுக்குக் கூடம் போயிற்று. அபு சிம்பெல் ராஜா சிலைகளும் அசீரியக் கூடமும் அப்போதே அழிந்தன. பணம் இல்லாததால் அந்தப் பகுதியைத் திரும்பக் கட்டவே இல்லை.

வெளியே இருந்த சிலைகள் எவை?

பாக்ஸ்டன் குன்றின் சரிவை இத்தாலியத் தோட்டம் மாதிரி மேல் மேடை, கீழ் மேடை என்று இரண்டு அடுக்காக வெட்டினார். கைப்பிடிச் சுவர்களின் மேல் வரிசையாகப் பெண் உருவங்களும் ஆண் உருவங்களும். மேல் மேடையில் இருந்தவற்றை வெறும் அழகுக்காக வைக்கவில்லை. உலகத்தின் முக்கிய வணிக நாடுகளையும், இங்கிலாந்து, பிரான்ஸ் தேசங்களின் பெரிய தொழில் நகரங்களையும் ஆளுக்கொரு உருவமாக நிறுத்தியிருந்தார்கள். மொத்தம் 26. ரஃபேல் மொன்டி, ஜான் பெல், பாரன் மரொக்கெட்டி என்று அன்றைக்குப் பேர்பெற்ற சிற்பிகள் இந்தத் தோட்ட வேலையில் இருந்தார்கள்.

கீழே நின்று குன்றைப் பார்த்தால் நீரூற்றுகள், அதற்கு மேல் சிலை வரிசை, அதற்கும் மேல் வானத்தை மறைத்த கண்ணாடி. தோட்டத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே போட்ட திட்டம் இது. இன்று மிச்சமிருக்கும் ஒற்றைச் சிலையைத் தனியாகப் பார்த்தால் சுமாரான வேலைப்பாடு என்று தோன்றக்கூடும். தூரத்திலிருந்து, இருபத்தைந்து பேர் கூட்டத்தில் ஒன்றாகப் பார்க்கச் செய்தது அது, பக்கத்தில் போய் மூக்கையும் விரலையும் ஆராய்வதற்காகச் செய்ததில்லை.

1936க்கு அப்புறம் என்ன நடந்தது?

காப்பீட்டுப் பணம் கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரும்பைப் பழைய சாமானாக விற்றார்கள். அதற்குள் போர் வந்துவிட்டது. இரண்டு முனைகளிலும் பொறியாளர் புரூனெல் கட்டிய 284 அடி உயர நீர்க் கோபுரங்கள் தீயில் பிழைத்திருந்தன. தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்ததால் ஆட்களை வைத்துப் பிரித்தார்கள், வடக்குக் கோபுரத்தை 1941இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். குண்டு விழுந்த லண்டன் வீடுகளின் இடிபாடுகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து இந்த மேட்டில் கொட்டினார்கள். மேடையின் தரைமட்டம் இன்றைக்குச் சில இடங்களில் விநோதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போருக்குப் பிறகு, 1950களின் தொடக்கத்தில், இடம் லண்டன் கவுண்டி கவுன்சில் கைக்கு வந்தது. அவர்களுக்கு அங்கே விளையாட்டு மையம் கட்ட வேண்டும் (1964இல் திறந்தது), பூங்காவைச் சுத்தம் பண்ண வேண்டும். விக்டோரியா காலத்துச் சிலை என்றாலே அன்றைக்கு ரசனை கெட்ட சமாச்சாரம், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பழசு. 1957இல் ஏலம் போட்டார்கள். தோட்டத்தில் வைக்கலாம் என்று வாங்கியவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள், சிலைகள் ஆளுக்கொரு திக்காகச் சிதறின. நாடுகளும் நகரங்களுமாக ஒரே வரிசையில் நின்றவற்றை இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, அந்த வரிசைக்கு இருந்த அர்த்தமும் சேர்ந்து போய்விட்டது. தீயைக் காட்டிலும் இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் வேண்டாம் என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால் நின்றிருக்கும்.

சரி, மிஞ்சியவற்றில் ஏன் நிறைய தலை இல்லாமல் இருக்கின்றன?

பல ஆண்டுகள் வேலி இல்லை, காவல் இல்லை, புதர் மண்டிக் கிடந்தது. கழுத்துதான் ஒரு சிலையின் பலவீனமான இடம். மழையில் ஊறி, பனியில் விரிந்து, ஒருவர் ஏறி உட்கார்ந்தாலே போதும். கொஞ்சம் இயற்கை, நிறைய விஷமம்.

புதுத் தலை செய்து ஒட்டலாமே?

பழைய புகைப்படங்கள் இருக்கின்றன, செய்ய முடியும். ஆனால் செய்ய வேண்டுமா என்றால், மேடையில் நிற்கிற ஓரிரண்டு பெண் உருவங்களைப் பொறுத்தவரை வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நல்ல நிலையில் இருக்கிற உடுப்பு மடிப்புகளையும் நிற்கிற தோரணையையும் முதலில் காப்பாற்றட்டும். கழுத்து வெட்டில் தண்ணீர் தேங்காமல் மூடுவது, அடித்தளத்தை உறுதிப்படுத்துவது, பாசி எடுப்பது, இவைதான் அவசரம். முகம் என்பது சிற்பியின் கை தெரிகிற இடம், அதை இன்னொருவர் யூகித்துச் செய்தால் பார்க்கிறவர்களுக்கு எது பழசு எது புதுசு என்று தெரியாது. ஸ்பிங்ஸ் விஷயம் வேறு, அவற்றுக்கு மூலம் பாரிஸில் கண்முன்னே இருக்கிறது.

ஸ்பிங்ஸ்கள் ஏன் இவ்வளவு சிவப்பு? பெயின்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்களா?

அதிகம் வருகிற கேள்வி இது, கோபத்தோடு வருகிற கேள்வியும் இதுவே. கெடுக்கவில்லை. முன்பு எப்படி இருந்ததோ அப்படித் திருப்பியிருக்கிறார்கள்.

இந்த ஸ்பிங்ஸ்களின் மூலம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் டானிஸ் ஸ்பிங்ஸ். எகிப்தின் நைல் கழிமுகத்தில் டானிஸ் என்ற இடத்தில் 1825இல் கிடைத்து, அடுத்த ஆண்டே லூவருக்குப் போனது. ஒரே கல்லில், சிங்க உடலும் அரசன் முகமுமாக, கிட்டத்தட்ட 4.80 மீட்டர் நீளம். அதன் கல் இளஞ்சிவப்பு கிரானைட். அதன் மாதிரியில் வார்ப்பு எடுத்துத்தான் சிடன்ஹாமில் படிக்கட்டுகளின் இரு பக்கமும் ஜோடி ஜோடியாக வைத்தார்கள். கிரானைட்டில் செதுக்க ஆகும் செலவைத் தாங்க முடியாது, எனவே சிமெண்ட் கலவையில் செய்து, மூலத்தின் நிறம் வரட்டும் என்று சிவப்புப் பூசினார்கள்.

அப்புறம் நூற்றுச் சில்லறை ஆண்டு மழையில் நிறம் போய், சாம்பலும் கறுப்புமாக, பாசி பிடித்து, மூக்கும் பாதமும் உதிர்ந்து நின்றன. நம் தலைமுறையில் பார்த்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறம்தான் அசல் என்று ஆகிவிட்டது. 2016, 2017 வாக்கில் பிரோம்லி நகராட்சி சீரமைப்பு வேலை செய்தபோது, மேற்பரப்பில் ஒட்டியிருந்த பழைய பூச்சுத் துணுக்குகளை ஆராய்ந்து அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்துப் பூசினார்கள். உடைந்த இடங்களையும் சேர்த்து அடைத்தார்கள்.

பழசு என்றால் மங்கலாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. ஓவன் ஜோன்ஸ் 1854இல் கிரேக்கக் கூடத்தில் சண்டை போட்டதும் இதே எண்ணத்தை எதிர்த்துத்தான். வெயில் சாயும் நேரத்தில் போய்ப் பாருங்கள், கண்ணாடி மாளிகைக்கு முன்னால் இந்தச் சிவப்பு எப்படி எடுபட்டிருக்கும் என்று புரியும். சாம்பல் நிறத்தில் அது தெரிய வாய்ப்பே இல்லை.

லண்டனில் எகிப்து எதற்கு?

அந்தக் காலத்து மோகம். நெப்போலியன் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பா முழுவதும் எகிப்தியப் பைத்தியம் பிடித்திருந்தது, அருங்காட்சியகங்கள் போட்டி போட்டுக்கொண்டு அள்ளின. அந்த அள்ளலுக்குப் பின்னால் இருந்த அதிகாரத்தையும் மறக்கக் கூடாது. உலகத்து நாடுகளை எல்லாம் உருவமாக்கி ஒரு ஆங்கிலேயத் தோட்டத்தின் சுவரில் வரிசையாக நிறுத்துவது ஒரு பேரரசுக்கு மட்டும் தோன்றும் யோசனை. 1911இல் இதே இடத்தில் பேரரசு விழா என்றே ஒரு பெரிய கொண்டாட்டம் நடத்தினார்கள். இந்தச் சிலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லும்போது அந்த எண்ணத்தையும் காப்பாற்றச் சொல்வதாக ஆகாது. சிலை நின்றால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும்.

எல்லாம் நகல்தானே, இதற்கு இவ்வளவு கவலை வேண்டுமா?

நகல்தான், ஸ்பிங்ஸ்களைப் பொறுத்தவரை. ஆனால் 170 ஆண்டு ஆன நகல். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1873இல் திறந்த வார்ப்புக் கூடங்கள் இன்றும் இருக்கின்றன, ரோமின் டிராஜன் தூணின் முழு வார்ப்பு இரண்டு துண்டாக அங்கே நிற்கிறது. ரோமில் திறந்தவெளியில் நிற்கும் மூலம் காற்று மாசில் தேய்ந்துகொண்டே வர, பல நுணுக்கங்கள் அந்த வார்ப்பில்தான் இன்னும் தெளிவாக இருக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகிறார்கள். கிரிஸ்டல் பேலஸின் கூடங்கள் பிழைத்திருந்தால் அவற்றுக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்கும். மேடைச் சிலைகளோ நகலே இல்லை, அந்த இடத்துக்கென்றே செய்தவை.

பூங்காவில் இருக்கும் பெரிய வெள்ளைத் தலை யாருடையது?

ஜோசப் பாக்ஸ்டனுடையது. வில்லியம் உடிங்டன் என்ற சிற்பி 1869இல் இத்தாலியப் பளிங்கில் செதுக்கினார், பாக்ஸ்டன் இறந்து நாலு ஆண்டு கழித்து. டிராஃபல்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணின் அடியில் இருக்கும் நாலு வெண்கலப் பலகைகளில் நைல் போர்க் காட்சி இதே உடிங்டன் செய்தது. பாக்ஸ்டனின் தலை இப்போது விளையாட்டு மையத்துக்குப் பக்கத்தில் செங்கல் பீடத்தின் மேல் இருக்கிறது, முதலில் இருந்த இடம் அது இல்லை. தான் கட்டிய மாளிகை இருந்த குன்றுக்கு அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நிறையப் பேர் வருத்தப்படுகிறார்கள், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஸ்பிங்ஸ்களைச் சீரமைத்த காலத்தில் இதையும் சுத்தம் செய்தார்கள்.

டைனோசர்களும் இந்தக் கணக்கில் வருமா?

கண்டிப்பாக வரும். கட்டடம் போனாலும் அதற்காகச் செய்த சிற்பங்களில் கூட்டமாக, முதலில் வைத்த இடத்திலேயே நிற்பவை இவை. பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி, ரிச்சர்ட் ஓவன் என்ற விஞ்ஞானியின் ஆலோசனையோடு, 1853 முதல் 1855 வரை முப்பதுக்கு மேற்பட்ட அழிந்த விலங்குகளை முழு அளவில் செய்து பூங்காவின் கீழ்க்கோடியில் குளத்தைச் சுற்றி நிறுத்தினார். உலகத்திலேயே டைனோசர்களுக்கு முழு அளவில் உருவம் கொடுத்த முதல் முயற்சி. நாலு காலில் காண்டாமிருகம் போல நிற்கிற இகுவானோடான் என்ற டைனோசர் தவறு என்று இன்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், ஆனால் கையில் கிடைத்த சில எலும்புகளை வைத்து அன்றைக்கு இருந்த அறிவு அதுதான். 1853ஆம் ஆண்டின் கடைசி இரவில் இகுவானோடானின் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு விருந்து வைத்தார்கள்.

செய்த விதத்தைக் கேளுங்கள். ஒரு இகுவானோடானுக்கு 9 அடி இரும்புத் தூண் நாலு, செங்கல் 600, அரைவட்ட வடிகால் ஓடு 650, சாதாரண ஓடு 900, சிமெண்ட் 38 பீப்பாய், உடைத்த கல் 90 பீப்பாய், இவற்றோடு இரும்புப் பட்டையும் கம்பியும் சேர்ந்தன என்று ஹாக்கின்ஸே கணக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு சிறு வீடு கட்டும் சாமான். இவை இவ்வளவு காலம் நிற்பதற்கும், இப்போது விரிசல் விடுவதற்கும் காரணம் ஒன்றே: உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்து உப்பும்போது மேலே இருக்கும் சிமெண்டைப் பிளக்கிறது. 2020இல் மெகலோசாரஸ் என்ற டைனோசரின் முகத்தில் தாடைப் பகுதி உடைந்து விழுந்தது, 2021இல் லேசான பொருளில் புதிதாகச் செய்து பொருத்தினார்கள்.

2007 முதல் இவற்றுக்கு முதல் தரப் பாதுகாப்பு இருக்கிறது, இங்கிலாந்தின் பெரிய தேவாலயங்களுக்குத் தரும் அதே தரம். மேடைகளுக்கு இரண்டாம் தரம்தான். அந்த வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே திட்டத்தின் இரண்டு முனைகள்.

கொரில்லா சிலையும் விக்டோரியா காலமா?

இல்லை. அது லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்த கை (Guy) என்ற பெயருள்ள கொரில்லா. டேவிட் வின் என்பவர் 1961இல் கறுப்புப் பளிங்கில் செய்தது. நல்ல சிலை, ஆனால் பேலஸோடு உறவில்லை.

கட்டடத்தைத் திரும்பக் கட்டப் போகிறார்களாமே?

2013இல் சீன நிறுவனம் ஒன்று அப்படி ஒரு திட்டத்தோடு வந்தது, 2015இல் அது கைவிடப்பட்டது. நல்லதாயிற்று என்றுதான் நினைக்கிறேன். புது மாளிகை ஒன்று எழும்பினால் இருக்கிற மேடைகளும் சிலைகளும் அதன் வாசல் அலங்காரமாகச் சுருங்கியிருக்கும். 2023 முதல் பூங்காவை ஒரு அறக்கட்டளை நிர்வகிக்கிறது, இருப்பதைப் பழுதுபார்க்கும் வேலைதான் இப்போதைய பாதை. பாதுகாக்கப்பட வேண்டிய, ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலில் மேடைகளும் இருக்கின்றன, டைனோசர்களும் இருக்கின்றன.

நேரில் போனால் எப்படிப் பார்ப்பது?

ஓவர்கிரவுண்ட் ரயிலில் கிரிஸ்டல் பேலஸ் நிலையத்தில் இறங்குங்கள், அந்த நிலையமே 1854இல் பேலஸுக்காகக் கட்டியது. பூங்காவுக்குள் நுழைந்ததும் மேலே ஏறி மேடைகளை முதலில் பாருங்கள். தொலைக்காட்சிக் கோபுரம் பக்கத்திலிருந்து தெற்கு முனை வரை நடந்தால் கட்டடத்தின் நீளம் காலுக்குத் தெரியும். பிறகு நடுப் படிக்கட்டின் நேர்க்கோட்டில் கீழே இறங்குங்கள். பெரிய நீரூற்றுத் தொட்டி இருந்த இடத்தில் பின்னால் கால்பந்து மைதானம் வந்தது, 1895 முதல் 1914 வரை எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன, இப்போது தடகள மைதானம். அதைத் தாண்டிப் பாக்ஸ்டன், கடைசியில் டைனோசர்கள். இந்த வரிசையில் போனால் பாக்ஸ்டன் யோசித்த வழியிலேயே போவீர்கள்.

ஆனர்லி ஹில் சாலையில் சின்ன அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பேலஸ் நிறுவனம் நடத்திய பொறியியல் பள்ளியின் பழைய கட்டடத்தில். தன்னார்வலர்கள் நடத்துவதால் திறக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். சாலைக்கு அடியில், பழைய ரயில் நிலையத்திலிருந்து பேலஸுக்கு வருவதற்காக 1865இல் கட்டிய செங்கல் மண்டபப் பாதை ஒன்றும் உண்டு. சிவப்பும் வெளிர்மஞ்சளுமான செங்கலில் விசிறி விசிறியாக விரியும் தூண்கள், சீரமைப்பு முடிந்திருக்கிறது, தவறவிடாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள்: ஸ்பிங்ஸ் மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். பூச்சு மெல்லியது, ஷூவின் உராய்வு ஒரே கோடையில் அதைத் தேய்த்துவிடும்.

1851 ஹைட் பார்க் பொருட்காட்சியிலிருந்து எதுவும் மிஞ்சியிருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் சிடன்ஹாமில் தேடாதீர்கள். பொருட்காட்சியின் நடுவில் ஆஸ்லர் நிறுவனம் செய்த 27 அடிக் கண்ணாடி நீரூற்று சிடன்ஹாமுக்கு வந்து 1936 தீயில் போய்விட்டது. மேற்கு வாசலுக்கு வெளியே மரொக்கெட்டி செய்த முதலாம் ரிச்சர்ட் மன்னனின் குதிரைச் சிலை ஒன்றை மாதிரி வடிவில் வைத்திருந்தார்கள். அதன் வெண்கல வார்ப்பு 1860இல் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு வெளியே வந்தது, இன்றும் அங்கேயே இருக்கிறது. 1940இல் பக்கத்தில் குண்டு விழுந்தபோது தூக்கிப் பிடித்த வாள் வளைந்துபோய், பின்னால் சரிசெய்தார்கள். ஜான் பெல்லின் கழுகை வீழ்த்துபவன் சிலையைக் கோல்புரூக்டேல் இரும்பு ஆலை வார்ப்பிரும்பில் செய்து அங்கே காட்சிக்கு வைத்தது. அது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. அதே ஆலை பொருட்காட்சிக்காக வார்த்த பெரிய இரும்புக் கதவுகளைப் பார்க்க டிக்கெட்டே வேண்டாம், கென்சிங்டன் தோட்டத்தில் ஆல்பர்ட் நினைவுச் சின்னத்திலிருந்து ஹைட் பார்க் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.